இலைக் கணக்கில் தொடங்கும் திருமண வரவேற்பு: அளவான பணத்தில் திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

கையில் இருக்கும் பணம் அளவானது என்று தெரிந்த வீட்டிலும், திருமண வரவேற்பைப் பற்றிப் பேச உட்கார்ந்தவுடன் மேடை அலங்காரம், புகைப்படம், மணமக்களின் உடை என்றுதான் பேச்சு ஓடுகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள் என்பதால் அப்படி நேர்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு வரவேற்பின் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது அன்று எத்தனை இலை விழுகிறது, அதாவது எத்தனை சாப்பாடு போடுகிறோம் என்பதே. எவ்வளவு பெரிய மண்டபம் வேண்டும், பரிமாற எத்தனை பேர் வேண்டும், எத்தனை தாம்பூலப் பை கட்ட வேண்டும், வெளியூர் உறவினருக்கு எத்தனை அறை வேண்டும் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்த ஓர் எண்ணிலிருந்தே பிறக்கிறது. ஆகவே சுமார் 200 முதல் 400 பேர் வரை அழைக்க நினைக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம், முதன்முறையாக இப்படியொரு நிகழ்ச்சியை நடத்தும்போது எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசையில் இக்கட்டுரை செல்கிறது.

சம்பந்தியோடு முதல் பேச்சு

மண்டபம் தேடிப் புறப்படும் முன் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டியவை இரண்டு. முதலாவது, ஒரு வரவேற்பா, இரண்டா என்பது. பெண் வீடு ஓர் ஊரிலும் மாப்பிள்ளை வீடு இன்னோர் ஊரிலும் இருந்தால், இரண்டு ஊரிலும் தனித்தனியாக வரவேற்பு வைக்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. இரண்டாவது வரவேற்பு என்றால் இரண்டாவது மண்டப வாடகை, இரண்டாவது மேடை, இரண்டாவது ஒப்பனை, இரண்டாவது புகைப்படச் செலவு என்று எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பணம் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரே வரவேற்பை வைத்து, மற்றோர் ஊரிலிருந்து வருவோருக்கு ஒரு பேருந்தோ இரண்டு வேனோ அமர்த்துவது பெரும்பாலும் பாதிச் செலவுக்குள் முடிந்துவிடும். மணமக்களைப் பார்க்காமல் மனம் கேளாத ஊர்ப் பெரியவர்களை, மறுவீடு செல்லும் நாளில் வீட்டிலேயே ஒரு வேளை விருந்துக்கு அழைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, யார் எந்தச் செலவை ஏற்பது என்பது. வரவேற்பு மாப்பிள்ளை வீட்டாருடையது, முகூர்த்தம் பெண் வீட்டாருடையது என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடும் பேச்சு பின்னால் மனக்கசப்பில் முடிவதுண்டு. ஏனெனில் ஒரே மண்டபத்தில் இரண்டும் நடக்கும்போது மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, அறைகள் ஆகியவை யாருடைய கணக்கில் சேரும் என்று அங்கே யாரும் பேசியிருக்க மாட்டார்கள். சம்பந்திகளுக்குள் எழுத்து எதற்கு என்று பெரியவர்கள் தயங்கலாம். அவர்கள் தயக்கத்தை மதித்தே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் செலவுத் தலைப்புகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வீடு என்று குறித்து, இரு வீட்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

இலைக் கணக்கு

அழைப்பிதழ் கொடுப்பது குடும்பக் கணக்கில், சாப்பாடு போடுவது தலைக் கணக்கில் என்பதால் புதிதாகத் திட்டமிடுவோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 150 பத்திரிகை கொடுத்தால் 150 பேர் வருவதில்லை. 600 பேரும் வருவதில்லை. பெயர்ப் பட்டியலை மூன்று வரிசையாகப் பிரித்து எழுதுங்கள். முதல் வரிசையில், குடும்பத்தோடு கட்டாயம் வருபவர்கள்: தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, அத்தை வீட்டார், நெருங்கிய நண்பர்கள். இரண்டாவது வரிசையில், வீட்டுக்கு ஒருவரோ இருவரோ வந்து வாழ்த்திவிட்டுப் போகிறவர்கள்: அக்கம்பக்கத்தார், அலுவலகத்தார், தூரத்து உறவினர். மூன்றாவது வரிசையில், அழைப்பதே மரியாதைக்காக, வருவது ஐயம் என்ற நிலையில் இருப்பவர்கள். முதல் வரிசையில் ஆள் ஆளாக எண்ணுங்கள். இரண்டாவதில் வீட்டுக்கு இரண்டு என்று வையுங்கள். மூன்றாவதில் நான்கு வீட்டுக்கு ஓர் இலை என்று வைத்தால் போதும். அதோடு புகைப்படக்காரர், வேன் ஓட்டுநர், ஒலிபெருக்கிக்காரர், மேடைக்காரரின் ஆட்கள் ஆகியோருக்கு ஒரு 15 இலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்களைக் கணக்கில் எடுக்காத வீடுகளே மிகுதி.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையில் வரவேற்பு வைக்கும் வீட்டார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் இரவுச் சாப்பாட்டோடு போய்விடுவார். இரவு தங்கும் வெளியூர் உறவினரோ இரவுச் சாப்பாடு, காலைச் சிற்றுண்டி, முகூர்த்தச் சாப்பாடு என்று மூன்று இலைக்கு உரியவர். வெளியூர் விருந்தினர் 60 பேர் என்றால் அது 180 இலை. ஆகவே பட்டியலில் வெளியூர்ப் பெயர்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஒரு மாதிரிக் கணக்கு

தலைப்புகள் எப்படிப் பங்கு போடுகின்றன என்பதைக் காட்ட, எளிய எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கை மட்டும் கவனித்தால் போதும். ஒரு குடும்பத்திடம் வரவேற்புக்கென 3,00,000 ரூபாய் இருக்கிறது. 300 இலை எதிர்பார்க்கிறார்கள். இலைக்கு 350 ரூபாய் வீதம் சாப்பாடு 1,05,000. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 5,250. மண்டப வாடகை 60,000. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 10,800. மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு 12,000. மேடை 25,000. புகைப்படமும் வீடியோவும் 35,000. உடையும் ஒப்பனையும் 25,000. ஒலிபெருக்கியும் இசையும் 8,000. பத்திரிகை 5,000. தாம்பூலம் 4,500. கூட்டினால் 2,95,550 ரூபாய் வருகிறது. பணத்துக்குள் அடங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் எதிர்பாராத செலவுக்கு மிஞ்சுவது 4,450 ரூபாய் மட்டுமே. கல்யாண வீட்டில் அந்தத் தொகை முதல் நாள் பிற்பகலிலேயே தீர்ந்துவிடும்.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, அதாவது 30,000 ரூபாயை, எதற்கும் ஒதுக்காமல் தனியே வைக்க வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? இலையை 300-லிருந்து 250-ஆகக் குறைத்தால் வரியோடு சேர்த்து 18,375 ரூபாய் மிஞ்சும். மேடையை 25,000-லிருந்து 17,000-க்குக் கொண்டுவந்தால் இன்னும் 8,000. முன்பு மிஞ்சிய 4,450-ஐயும் சேர்த்தால் 30,825 ரூபாய் கையில் நிற்கும். இதே தொகையை இலைக்கான விலையைக் குறைத்து எடுக்க முயன்றால், 350 ரூபாய்ச் சாப்பாட்டை 270 ரூபாய்க்கும் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது வந்த எல்லோருமே குறைவாக உணர்ந்து போவார்கள். அழைப்பைச் சுருக்கி, வந்தவருக்கு நன்றாகப் போடுவதே என் கட்சி.

நாள்

தாலி கட்டுவதற்குத்தான் முகூர்த்தம் வேண்டும்; வரவேற்புக்கு முகூர்த்தம் தேவையில்லை. இந்த எளிய உண்மையைப் பயன்படுத்திக்கொள்ளும் குடும்பங்கள் குறைவு. சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் முதல் நாள் மாலையே வரவேற்பு வைத்துப் பழகிவிட்டதால், வரவேற்பும் முகூர்த்தச் சந்தையின் நெருக்கடிக்குள் சிக்கிக்கொள்கிறது. தை, வைகாசி, ஆவணி மாதங்களின் வளர்பிறை முகூர்த்தத்தில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், மண்டபம், சமையல்காரர், ஒப்பனையாளர், பூ என்று எல்லாமே உச்ச விலையில் இருக்கும். திருமணத்தைக் கோயிலில் நெருங்கிய உறவினர் முன்னிலையில் முடித்துவிட்டு, வரவேற்பை அதே வாரத்தில் முகூர்த்தமில்லாத ஒரு புதன் அல்லது வெள்ளி மாலைக்கு மாற்றினால், அதே மண்டபத்தை வாடகை குறைத்துக் கேட்க இடம் கிடைக்கிறது. சென்னை வடபழனி முருகன் கோயில், கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில் போன்ற இடங்களில் முகூர்த்த நாள்களில் திருமணங்கள் அடுத்தடுத்து நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதன்று. கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, உரிய கட்டணத்துக்கு ரசீது பெற்று, மணமக்களின் வயதுச் சான்று முதலிய ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வேலை நாள் என்றால் கூட்டம் குறையுமே என்ற அச்சம் மாலை வரவேற்புக்குப் பெரிதும் பொருந்தாது. அலுவலகம் முடிந்து நேராக வருவோர் பலர். ஆடியிலும் மார்கழியிலும் வாடகை மலிவு என்றாலும், வரவேற்பைக்கூட அம்மாதங்களில் ஏற்காத பெரியவர்கள் பல வீடுகளில் இருப்பதால், அந்த முடிவை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இருக்கும். கடலோர மாவட்டங்களில் அப்போது திறந்தவெளியில் பந்தல் போட்டு நடத்தத் துணிவது சிக்கனமாகாது. பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கும் நாள்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால், பிள்ளைகளுக்காக வீட்டிலேயே தங்கிவிடும் குடும்பங்களை இழக்க வேண்டியிருக்காது.

மண்டபத்தில் கேட்க வேண்டியவை

பெரும்பாலான மண்டபங்கள் முதல் நாள் பிற்பகல் முதல் மறுநாள் பிற்பகல் வரை என்ற கணக்கில் வாடகை பேசும். வரவேற்பு மட்டும்தான் என்றால் அரைநாள் வாடகை உண்டா என்று முதலில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அதைத் தாமாகச் சொல்வதில்லை. மாநகராட்சி, நகராட்சிகளின் சமுதாய நலக்கூடங்களையும், கோயில்களும் சமூக அறக்கட்டளைகளும் நடத்தும் மண்டபங்களையும் பார்த்த பிறகு தனியார் மண்டபங்களுக்குச் செல்லலாம். பதிவு பெற்ற அறநிலையம் பொது வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில் நடத்தும் கல்யாண மண்டபத்தின் நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கும் உண்டு.

வாடகைத் தொகையைவிட அதன் மேல் ஏறும் தொகைகளே கவனத்துக்கு உரியவை. மின்சாரம் வாடகையில் அடங்கியதா, மீட்டர் கணக்கா என்று கேளுங்கள். மீட்டர் கணக்கென்றால் சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் எத்தனை மணி நேரம் ஓடும், ஜெனரேட்டருக்கு டீசல் யார் ஊற்றுவது, துப்புரவுக்கும் குப்பை அகற்றுவதற்கும் தனிக் கட்டணமா, சமையல் பாத்திரங்கள் உண்டா, எரிவாயு உருளையை நாம் கொண்டுவரலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து சமையல்காரரையும் மேடைக்காரரையும் அழைத்துவர அனுமதி உண்டா என்று கேளுங்கள். தங்களோடு ஒப்பந்தம் செய்தவர்களையே அமர்த்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மண்டபத்தில், வாடகை குறைவாக இருந்தாலும் மொத்தச் செலவு கூடும்.

மண்டபத்தின் பெருமை முகப்பில் இருந்தாலும் பயன் சாப்பாட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. ஒரு பந்தி உட்கார்ந்து எழுந்து, மேசை துடைத்து, மறுபடி இலை போட 35 முதல் 40 நிமிடம் ஆகும். இரவு ஏழு மணி முதல் ஒன்பதரை வரை நான்கு பந்தி நடத்தலாம். முதல் பந்தி பாதிதான் நிரம்பும் என்பதால் மூன்றரைப் பந்தி என்றே கொள்ளுங்கள். 80 பேர் உட்காரும் கூடத்தில் 280 பேரைச் சமாளிக்க முடியும் என்றாலும், எட்டு மணி வாக்கில் எல்லோரும் ஒருசேர இறங்கி வருவார்கள் என்பதால் 100 இருக்கையாவது இருப்பது நல்லது. 300 பேருக்காக ஆயிரம் பேர் கொள்ளும் மண்டபத்தைப் பிடித்தால், வாடகையோடு காலி நாற்காலிகளின் வெறுமையையும் சேர்த்து வாங்கியதாகிவிடும். கூடம் மாடியில் இருந்து மின்தூக்கி இல்லையென்றால், முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்காகத் தரைத்தளத்தில் ஓர் அறையில் நான்கைந்து மேசை போட இடம் தருவார்களா என்றும் விசாரியுங்கள்.

சாப்பாடு

சமையலை ஏற்பாடு செய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இலைக்கு இவ்வளவு என்று பேசி முழுப் பொறுப்பையும் ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பது. மற்றது, சமையல் மாஸ்டருக்கும் அவர் ஆட்களுக்கும் கூலி மட்டும் பேசிக்கொண்டு, அவர் தரும் பட்டியல்படி மளிகையும் காய்கறியும் பாலும் நாமே வாங்கித் தருவது. இரண்டாவது வழியில் மிச்சம் உண்டு என்பது உண்மையே. ஆனால் அது சமையல் பொருள்கள் வைக்கும் உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்டதை அளந்து கொடுத்து, மீந்ததை எண்ணி எடுக்கும் ஓர் அனுபவசாலி வீட்டில் இருந்தால் மட்டுமே கைகூடும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டார் மொத்தச் சந்தையில் எண்ணெயும் முந்திரியும் வாங்கி மிச்சம் பிடித்துவிடலாம் என்று இறங்க வேண்டாம்; மீந்த பொருள்கள் எங்கே போயின என்று பின்னர் யாருக்கும் தெரியாது.

இலைக் கணக்கில் ஒப்பந்தம் பேசும்போது குறைந்தபட்ச எண்ணிக்கை ஒன்றைக் கேட்பார்கள். அன்று வந்தவர் அதைவிடக் குறைந்தாலும் அந்த எண்ணுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். 250 பேரை எதிர்பார்த்தால் 220-ஐ உத்தரவாதமாகச் சொல்லி, அதற்கு மேல் 30 இலைக்கு ஆயத்தமாக இருக்கும்படியும், உண்மையில் விழுந்த இலைக்கு மட்டும் அதற்குரிய தொகையைத் தருவதாகவும் பேசுங்கள். இலையை எண்ணும் முறையையும் அப்போதே பேசிவிடுங்கள். பந்தி தொடங்கும் முன் இலைக் கட்டுகளை இரு தரப்பாரும் எண்ணிக் குறித்து, முடிந்தபின் மீதியை எண்ணிக் கழிப்பதே சச்சரவில்லாத வழி. கிழிந்த இலைகளும், பரிமாறும் ஆட்கள் கடைசியில் சாப்பிட்ட இலைகளும் நம் கணக்கில் சேருமா, சேராதா என்பதும் அந்தப் பேச்சில் அடங்க வேண்டும். எண்ணுவதற்கு நம் வீட்டு இளைஞர் ஒருவரை நிறுத்துங்கள். அந்த வேலைக்கு மட்டும் அவர், மேடைக்கு வர வேண்டியதில்லை.

இனி உணவுப் பட்டியல். வரவேற்பு இலையில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளை அடுக்குவது இப்போது பெருமையாகிவிட்டது. அவற்றில் பாதி தொடப்படாமலே மடிக்கப்படுகின்றன. ஓர் இனிப்பு, ஒரு வடை அல்லது பணியாரம், இடியாப்பத்தோடு தேங்காய்ப்பால் அல்லது சப்பாத்தியோடு குருமா, காய்கறிப் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும், சாம்பார் சாதம் அல்லது சிறிய ஊத்தப்பம், தயிர் சாதமும் ஊறுகாயும், முடிவில் ஒரு வாழைப்பழம் என்று பத்துக்குள் அடக்கினால், சமைப்பவருக்கு ஒவ்வொன்றையும் சூடாகவும் நன்றாகவும் செய்ய நேரம் கிடைக்கிறது. பன்னீரில் ஒரு கறி, காளானில் ஒன்று, பேபி கார்னில் ஒன்று என்று மூன்றை வைப்பதைவிட ஒன்றை மட்டும் வைத்து, கேட்பவருக்கு மறுபடி பரிமாறச் சொல்லுங்கள். பிரியாணி பட்டியலில் ஒன்றாக இருக்கும்போது ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்குத் தாராளமாகப் போதும். அதுவே முதன்மை உணவாக, இறைச்சியோடு பரிமாறப்படும் வீடுகளில், எட்டுப் பேருக்கு ஒரு கிலோ என்றே கணக்கிட வேண்டும்.

சிற்றுண்டி வகைகளே மிகுந்த பட்டியலுக்குத் தலைவாழை இலை தேவையில்லை. டிபன் இலை அளவு போதும், விலையும் குறையும். பஃபே முறையில் பரிமாறும் ஆட்கூலி குறைகிறது என்பார்கள். ஆனால் அதில் வரிசையில் நிற்பவர்கள் மறுபடி நிற்க மனமின்றி முதலிலேயே தட்டை நிறைத்துக்கொள்வதால் உணவு கூடுதலாகச் செலவாகிறது. முதியவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் தவித்துப் போகிறார்கள். 300 பேர் அளவிலான நிகழ்ச்சிக்குப் பந்தியே சிறந்தது என்பது என் கருத்து.

தண்ணீர்ச் செலவு சிறிதாகத் தெரிந்தாலும் கவனிக்கத் தக்கது. ஓர் இலைக்கு ஒரு 300 மில்லி பாட்டில் என்று வைத்தால் பாதி பாட்டில்கள் பாதி குடித்த நிலையில் மேசையில் நிற்கும். 20 லிட்டர் கேன் ஒன்று அப்படிப்பட்ட 66 பாட்டில்களுக்குச் சமம். எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் வைத்து ஊற்ற இருவரை நிறுத்தினால் அச்செலவு கால் பங்குக்கும் கீழே வந்துவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருப்பதால், பிளாஸ்டிக் குவளை, மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை ஆகியவற்றை ஒப்பந்தக்காரர் கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம், பீடா, பஞ்சு மிட்டாய் என்று கூடத்துக்கு வெளியே வைக்கும் கடைகளுக்குத் தலைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பிள்ளைகளுக்காக ஐஸ்கிரீமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம்.

மேடை, பூ, படம்

வரவேற்பும் முகூர்த்தமும் ஒரே மண்டபத்தில் என்றால் இரண்டுக்கும் பொதுவான பின்னணியை அமைத்து, இரவில் சோபாவை எடுத்துவிட்டு மணவறையை வைக்கும்படி மேடைக்காரரிடம் பேசலாம். முந்தைய நாளோ மறுநாளோ அதே மண்டபத்தில் நிகழ்ச்சி வைத்திருக்கும் குடும்பம் எது என்று மேலாளரிடம் கேட்டு, இரு வீட்டாரும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்ட இடங்களும் உண்டு. துணியும் விளக்கும் மேடையை நிறைக்கட்டும். உண்மைப் பூவை மாலைக்கும் தலைக்கும் வரவேற்பு மேசைக்கும் மட்டும் வையுங்கள். மல்லிகை மார்கழி, தை மாதங்களின் பனியில் வரத்துக் குறைந்து, முகூர்த்த நாளில் கைக்கு எட்டாத விலைக்குப் போகும். பங்குனிக்குப் பிறகு வெயில் ஏறும்போதுதான் மலியும். தை மாத வரவேற்பென்றால் அலங்காரத்துக்குச் செவ்வந்தியையும் சம்பங்கியையும் நம்புங்கள். கோயம்பேடு, மதுரை மாட்டுத்தாவணி, தோவாளை போன்ற மொத்தச் சந்தைகளுக்கு அருகில் இருப்பவர்கள் உதிரிப்பூவாக வாங்கி வீட்டுப் பெண்களை வைத்துக் கட்டிக்கொள்ளலாம்; தொலைவில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துச் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

புகைப்படத்தில் ட்ரோன், எல்இடி திரை, வெளிப்புறப் படப்பிடிப்பு ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டு விலை கேட்டால் வேறு தொகை வரும். ஒரு புகைப்படக்காரரும் ஒரு வீடியோக்காரரும் இத்தகைய நிகழ்ச்சிக்குப் போதும். எடுத்த எல்லாப் படங்களையும் நாம் தரும் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டால், ஆல்பத்தைப் பணம் வந்தபின் ஆறு மாதம் கழித்துக்கூடப் போட்டுக்கொள்ள முடியும். மணமகனின் கோட்டையும் மணமகளின் லெஹங்காவையும் வாடகைக்கு எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு மாலைக்காக வாங்கி அலமாரியில் தொங்கவிடுவதைவிட அந்தப் பணத்தில் மறுபடியும் உடுத்தக்கூடிய ஒரு நல்ல பட்டுப்புடவை வாங்கலாம். சாலையோர ஃப்ளெக்ஸ் பதாகைகளுக்கு அனுமதி வேண்டும். செலவும் வீண் என்பதால் அதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

பத்திரிகையும் தாம்பூலமும்

நண்பர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் வாட்ஸ்அப் அழைப்போடு ஒரு தொலைபேசி அழைப்பும் சேர்ந்தால் அது குறையாகத் தெரிவதில்லை. ஆனால் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு நேரில் சென்று தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டிய உறவினர்களிடம் அந்தச் சிக்கனம் செல்லாது. அவர்களை எண்ணி, அதற்கு மேல் ஒரு 20 பிரதியைக் கூட்டி அச்சிட்டால் போதும். திருமணப் பதிவின்போது அச்சிட்ட அழைப்பிதழைச் சான்றாகக் கேட்பார்கள் என்பதால் சில பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

தாம்பூலப் பையைக் குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுங்கள். மஞ்சள் துணிப்பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பழம் வைத்தாலே அது நிறைவானது. பித்தளைச் சிமிழ், சட்டமிட்ட சாமிப் படம் போன்றவை பல வீடுகளின் பரணில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

அன்று மாலை

பொறுப்புகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்காவிட்டால் மணமக்களின் பெற்றோரே மேடைக்கும் சமையலறைக்கும் ஓட வேண்டியிருக்கும். சந்தனம், கற்கண்டு, பன்னீர் வைத்த வாசல் மேசைக்கு இரண்டு பேர், பந்தி விசாரிக்க ஒரு பெரியவரும் அவருக்குத் துணையாக ஓர் இளைஞரும், இலை எண்ண ஒருவர், கைச்செலவுக்கு ஒருவர் என்று வகுத்துக்கொள்ளுங்கள். கைச்செலவுப் பொறுப்பு மிக முக்கியமானது. காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் கொடுக்கும் அன்பளிப்பு, ஓட்டுநர் பேட்டா, திடீரென்று வாங்கும் பால், தீர்ந்துபோன சர்க்கரை என்று வரும் செலவுகளை நாலு பேர் நாலு பையிலிருந்து கொடுத்தால் கணக்கு எங்கும் நிற்காது. எனவே சில்லறை நோட்டுகளாக மாற்றிய ஒரு தொகையை நிதானமான ஒரு மாமாவிடமோ சித்தப்பாவிடமோ ஒப்படைத்து, அவர் கையொப்பமில்லாமல் ஒரு ரூபாயும் போகக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

மணமக்கள் ஏழு மணிக்கு முன் மேடையேறிவிட வேண்டும். ஒப்பனை தாமதமாகி எட்டரைக்கு அவர்கள் வந்தால், அதுவரை காத்திருந்த கூட்டம் முழுவதும் ஒரே பந்தியில் பாயும். கூடத்தில் நெரிசலும் சமையலறையில் பற்றாக்குறையும் அப்படித்தான் உண்டாகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி ஒலிக்க விதிகள் இடம் தருவதில்லை என்பதால் இசை நிகழ்ச்சியை எட்டரை மணிக்கே முடித்துக்கொள்ளலாம். உறவினரில் பாடத் தெரிந்தவர் இருந்தால், ஒரு நல்ல மைக்கே போதுமானது.

மொய்யும் கணக்குத் தீர்ப்பும்

மொய் வரும், அதில் சமையல்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று திட்டமிடுவது ஆபத்தானது. எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது ஒரு காரணம். அதைவிட, மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் ஏறி, அடுத்த தலைமுறைக்கும் கைமாறும் அளவுக்கு அது கறாரான கணக்கு. உறையில் வைத்து மேடையில் கொடுக்கும் சென்னையிலும் மனக்கணக்காகவாவது அது இருக்கிறது. ஆகவே வரவுப் பட்டியலில் மொய்யை எழுத வேண்டாம். அதை நம்பி வட்டிக்கு வாங்குவதும் நகையை அடகு வைப்பதும் வேண்டாம். மொய் எழுத இருவரை உட்கார வைத்து, பெயர், ஊர், தொகை மூன்றையும் குறித்து, உறைகளைப் பூட்டிய பெட்டியில் போட்டு, அன்றிரவே பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எந்த ஒப்பந்தத்துக்கும் முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. சமையலுக்கு இலை எண்ணி முடித்தபின், மேடைக்கு நிகழ்ச்சி முடிந்தபின், புகைப்படக்காரருக்குப் படங்கள் கைக்கு வந்தபின் என்று மீதியை வைத்துக்கொள்ளுங்கள். உணவு மீந்தால் கூடம் மூடும்வரை காத்திருக்காமல், இன்னும் ஒரு பந்திதான் இருக்கிறது என்று தெரிந்த உடனேயே ஏதேனும் ஓர் இல்லத்துக்கோ, கோயம்புத்தூரில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புக்கோ சொல்லிவிடுங்கள். தேங்காய் சேர்ந்த குருமாவும் சட்னியும் நெடுநேரம் தாங்குவதில்லை என்பதால் அவற்றை அனுப்ப வேண்டாம். மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகைப் பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்து, அறைகளை மேலாளரோடு ஒருமுறை சுற்றிப் பார்த்து, மீட்டர் எண்ணைக் குறித்து, காப்புத்தொகையிலிருந்து எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரத்தோடு ரசீதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.